எழிலரசி வீட்டுக் குழியும் ஒரு டம்ளர் ஆயிலும்

அடி அண்ணாமலையில் எழிலரசி வீடு எது என்று கேட்டால், "வாசல்ல குழி இருக்குமே, அந்த வூடு" என்று கை காட்டுவார்கள். போன வருடம் கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று காசி கேட்டபோது அவள் புடவை கேட்கவில்லை. காருக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு குழி கேட்டாள். காசி கொத்தனார். நாலே நாளில் வாசலில் குழி வெட்டிச் செங்கல் கட்டிப் பூசி, சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டு, குழியை மூடப் பலகையும் அடுக்கிக் கொடுத்தான். "கட்டின பொண்டாட்டிக்கே குழி தோண்டறான்யா" என்று தெருவே சிரித்தது.

அவர்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் எழிலரசி. பி.எஸ்சி. இயற்பியல். இரண்டு வருடம் ஒரு பள்ளியில் பாடம் நடத்திப் பார்த்தாள். நாற்காலியில் உட்காரவே பிடிக்கவில்லை. இப்போது பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கி, ஆசிரமத்துப் பக்கம் தங்க வருகிறவர்களை ஏற்றி இறக்குகிறாள். பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அதற்குக் கீழே உள்ள ஆணியில்தான் எப்போதும் கார் சாவி தொங்கும்.

அன்று பௌர்ணமி. மதியம் இரண்டு மணிக்குக் கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்பு வைத்துவிடும். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை வீட்டு வாசலை விட்டு எந்த வண்டியும் நகராது. மாலை ஏழு மணிக்கு ஒரு விருந்தாளியை அழைத்து வர அவள் சென்னை விமான நிலையத்தில் நிற்க வேண்டும். செங்கம் சாலை விடுதி ஒன்று முதல் முறையாக அவளை நம்பி அனுப்பும் சவாரி. ஒழுங்காக முடிந்தால் அந்த விடுதிக்கு வருகிற ஆட்கள் எல்லோரும் இனி அவள் காரில்தான்.

கார் கொஞ்ச நாளாகவே மெல்ல முனகிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்ற வேண்டும். கேட்டிருந்த ஆயில் நேற்று மாலைதான் கூரியரில் வந்தது. ஆகவே காலை ஒன்பது மணிக்குக் காரைத் தெருப் பக்கம் முகம் வைத்துக் குழிமேல் நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"சாவி எங்கடி? ஆணியில காணோம்?" என்றான் காசி.

"அரிசி டின்னுல. இது சத்தமே போடாம உசுரோட இருக்கிற வண்டி. நான் அடியில இருக்கும்போது நீ எதையாவது தட்டி வச்சா?"

"கியரே இல்லாத வண்டிக்குக் கியர் ஆயிலு! சரி, நான் இன்னா பண்ணணும்?"

"மேலருந்து ஆயில் ஊத்தணும். உன் லெவல் டியூபைக் குடு, அதுல புனல் சொருகி ஊத்திக்கலாம்."

காசி திடுக்கிட்டான். தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை அவன் யாருக்கும் தொடக்கூடத் தர மாட்டான். "அதுல ஆயிலா? போய் வேற குழாய் பாரு" என்று அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பரண்மேல் வைத்துவிட்டு வந்தான்.

வேறு குழாய் கிடைத்தது. மேலே நிரப்புகிற துளையின் திருகாணியை முதலில் கழற்றினாள். அது திறக்கும் என்று தெரிந்த பிறகுதான் கீழே வடிக்கிற திருகாணியில் கை வைத்தாள். கறுத்த ஆயில் தாம்பாளத்தில் இறங்கியது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அளந்தாள்: மூன்று லிட்டரும் இரண்டு டம்ளரும். கீழ்த் திருகாணியை முறுக்கி மூடினாள். இனி எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு போக வேண்டும். மேல்துளையில் வழிந்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

காசி ஊற்றினான். ரோஜா சர்பத் நிறத்தில் புது ஆயில் இறங்கியது. மூன்று லிட்டர் போயிற்று. ஒரு டம்ளர் போயிற்று. அடுத்த டம்ளரைச் சாய்த்ததுமே துளையில் வழிந்து எழிலரசியின் மூக்கில் சொட்டியது.

"நிறுத்துய்யா! ஒரு டம்ளர் கம்மியா இருக்குது."

"ஒரு டம்ளர்தான? போயிட்டு வா, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"போக இருநூறு, வர இருநூறு கிலோமீட்டரு. உன் சிமெண்டுல ஒரு சட்டி கம்மியா போட்டா வுடுவியா?"

பழைய ஆயிலை மறுபடி அளந்தாள். அதே கணக்கு. புது ஆயில் கேன்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். காலி. மணி பன்னிரண்டே முக்கால். தெருவில் கிரிவலக் கூட்டம் தடிக்கத் தொடங்கிவிட்டது. நெற்றியை முழங்கையால் துடைத்தாள், அங்கும் ஆயில்.

"நிரப்புற துளை முன்பக்கம் பாத்து இருக்கு. சாய்ச்சி வச்ச சொம்பு முழுசா நிறையறதுக்கு முன்னாடியே வழிஞ்சிடுமில்ல? அந்த மாதிரி வண்டி முன்னால சாஞ்சிருந்தா..." என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "மாமா, இந்தத் தரை மட்டமாத்தான இருக்கு?"

காசி தெருவைப் பார்த்தான்.

"மாமா!"

"மட்டம்தான்... அதாவது, ஆளு நிக்கறதுக்கு மட்டம்."

"அன்னைக்கி என்னா சொன்ன? கோலி உருட்டினா நிக்கும்னு சொன்னியே!"

"தொறந்த வாசல்டி. தண்ணி போக வாட்டம் விடாம தளம் போட என் கையே வராது. தெரு பக்கமா லேசா எறக்கி வுட்டேன். வுடலேன்னா மழைத் தண்ணி மொத்தமும் உன் குழிக்குள்ளதான் நிக்கும்."

"லேசான்னா எவ்ளோ?"

காசி உள்ளே போனான். பரண்மேல் இருந்த லெவல் டியூபை அவனே எடுத்து வந்து தண்ணீர் நிரப்பினான். ஒரு முனையை அவள் பின்சக்கரத்தருகே பிடிக்க, மறுமுனையை அவன் முன்சக்கரத்தருகே பிடித்தான். தண்ணீர் ஆடி அடங்கியது. முன்பக்கம் மூன்று விரல் தாழ்வு.

"தண்ணி எப்பவும் ஒரே மட்டத்துல நிக்கும்னு பரிச்சையில அஞ்சு மார்க்குக்கு எழுதினேன். வாசல்ல கோட்ட வுட்டுட்டேன்" என்று எழிலரசி சிரித்தாள்.

"நான் எழுதாமலே தினம் பாஸ் பண்றேன்" என்றான் காசி.

"பேசாம பலகைய எடுத்துக்கினு வா!"

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். குழியில் யாரும் இல்லாதபோது ஜாக்கியில் முன்பக்கத்தை ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, குழியை மூடும் பலகைகளில் மும்மூன்றைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார்கள். மறுபடி குழாயைப் பிடித்தார்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே இடத்தில் நின்றது. எழிலரசி குழிக்குள் இறங்கினாள். காசி மிச்ச டம்ளரைச் சாய்த்தான். முக்கால் போயிற்று, முழுதும் போயிற்று. அதற்கப்புறம்தான் ஒரு சொட்டு வழிந்தது.

"போதும்! சரியா இருக்கு!" அவள் குரல் குழிக்குள்ளிருந்து தெருவுக்கே கேட்டது.

முகம் கழுவிச் சட்டை மாற்றி அரிசி டின்னிலிருந்து சாவியை எடுக்கும்போது மணி ஒன்றரை. கார் முனகவில்லை. பலகையிலிருந்து பூனைபோல் இறங்கிப் பாதைக்கு வந்தது. சத்தமே இல்லாததால் முன்னால் போகிற கூட்டம் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரன் அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. காசிதான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

"ஓரம் சாமி, ஓரம்! பின்னாடி வண்டி வருது!"

"வண்டியா? எங்கய்யா?" என்று திரும்பிய ஒருவர் துள்ளி ஒதுங்கினார்.

தடுப்புக் கம்பிகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்த காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார். காசி கண்ணாடியருகே குனிந்தான்.

"நீ வர்றதுக்குள்ள தரையை ஒடைச்சி மட்டமா போட்டுடறேன்."

"வேணாம்யா. அது இருக்கிற மாதிரியே இருக்கட்டும். முதல்ல போய்க் குழிய மூடு, எவனாவது வுழுந்து வைக்கப் போறான்."

விருந்தாளியை விடுதியில் இறக்கிவிட்டு, மறுநாள் காலை தடுப்பை எடுத்த பிறகு அவள் வீடு திரும்பியபோது, குழியை ஒட்டிய சுவரில் கொத்தனார் பென்சிலால் பெரிதாக எழுதியிருந்தது: 'முன் சக்கரத்துக்கு மூணு பலகை.' எழிலரசி படித்துவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்றும் சேர்த்தாள்.