மூன்றரை சென்டிமீட்டர் கீழே

ஐம்பத்திரண்டு வயதில் காருக்கு ஸ்ப்ரிங் மாற்றி உயரத்தைக் குறைக்கப் போகிறேன் என்றதும் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். காரைத் தாழ்த்துவது இளவட்டங்களின் வேலை. தரையை உரசும் அளவுக்குத் தாழ்த்திக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் ஈப்போவைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னா, ரேஸ் ஓட்டப் போறியா? ஸ்டிக்கர்லாம் ஒட்டியாச்சா?" என்றார். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். "ஸ்டைலுக்குத்தான். உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்று இருவர் வாயையும் அடைத்தேன்.

ஸ்டைலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் நடந்த ஒரு விபத்தில் எனக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. ஆனால் கார் ஓட்டுவேன், பிரேக்கையும் எண்ணெய் பெடலையும் கையாலேயே அழுத்துகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். பழைய காரில் நானேதான் ஏறுவேன். நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நடுவில் ஒரு வழவழப்பான பலகையை வைத்து, கையை ஊன்றி, சறுக்கிப் போய் உட்காருவேன். தினமும் கோலா கங்சார் போய்வருவேன். அங்கே ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். பால்மரத் தோட்டங்களை வீட்டு மனைகளாக வெட்டும் கோடுகளில் பாதி என் கை போட்டவை.

பழைய கார் படுத்துவிட்டபோது இந்த மின்சாரக் காரை ஆசைப்பட்டு வாங்கினேன். காரணம் குலுக்கலைத் தாங்கும் அதன் அப்சர்பர். குழியோ வளைவோ வந்தால் காருக்குள் இருக்கும் கணினி அதை உணர்ந்து, நான்கு சக்கரத்து அப்சர்பரையும் அந்த நொடியே இறுக்குகிறது, தளர்த்துகிறது. கால் ஊன்றி உட்காருகிறவர்களுக்கு இது சொகுசு. எனக்கோ சாதாரணக் காரில் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு அரிசி மூட்டை மாதிரி சாயும். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார வேண்டும். புதுக் காரில் தாப்பாவிலிருந்து மலையேறியபோது, அத்தனை வளைவிலும் நான் சாயவே இல்லை. யாரோ தோளைப் பிடித்துக்கொண்டது போல நேராக இருந்தேன். "கடவுளே!" என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆனால் ஒரு கூத்து நடந்துவிட்டது. மின்சாரக் காரில் பேட்டரி முழுவதும் தரைக்கு அடியில். அதனால் சீட் உயரம். கார் வாங்கப் போன அன்று என் கணவர் சந்தோஷத்தில் என்னை அலாக்காகத் தூக்கி சீட்டில் வைத்துவிட்டார். நானும் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டேன். ஊரான் நிலத்தையெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறவள், சொந்த சீட்டை அளக்கவில்லை! வீட்டுக்கு வந்து அளந்தால் என் நாற்காலியைவிட நாலரை சென்டிமீட்டர் உயரம். இறங்கலாம், ஏற முடியாது. மேட்டில் சறுக்க முடியுமா? நாற்காலியில் இன்னொரு மெத்தை போட்டுப் பார்த்தேன், நிலை தடுமாறிக் கீழே விழப் பார்த்தேன்.

அதனால் ஏழு மாதமாக அவர்தான் தூக்கினார். காலையில் வீட்டில் ஒரு தடவை. சாயங்காலம் என்னை மறுபடி காரில் ஏற்றுவதற்காகவே ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து கோலா கங்சார் வருவார். அறுபது வயது மனிதர். நாலாவது மாதம் குப்பைத் தொட்டியில் வலிக்கு ஒட்டும் கோயோக் பிளாஸ்திரி உறைகளைப் பார்த்தேன், பழைய பேப்பரில் சுற்றி அடியில் போட்டிருந்தார். கேட்டால், "ஒண்ணும் இல்லலா, சும்மா பிடிப்பு" என்பார். இடுப்பு வலி என்று ஒத்துக்கொண்டால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று அவருக்குப் பயம். அது உண்மையும்கூட. அவர் இடுப்பு போவதற்குள் நானாகவே ஏறியாக வேண்டும். இல்லையென்றால் ராஜினாமாக் கடிதம். அதையும் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன், அவருக்குத் தெரியாமல்.

சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டம் ஒன்றின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு காரைத் தாழ்த்தித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வயது இருக்கும். என் கணவரிடம் சொன்னால் அவர் மறைக்கும் வலி எனக்குத் தெரியும் என்று கண்டுபிடித்துவிடுவார், அதனால் இவரிடம் மட்டும் போனில் உண்மையைச் சொல்லியிருந்தேன். அப்சர்பரின் அந்த மாயம் கெட்டுப் போய்விடக் கூடாது என்பதையும்.

"அப்சர்பரைத் தொடமாட்டேன்லா அக்கா. ஸ்ப்ரிங் மட்டும்தான் கட்டையா மாத்துறேன். மூணரை சென்டி இறங்கும். மிச்சம் ஒரு சென்டி."

"ஒரு சென்டி என் கைக்கு விடுங்க. அதை நான் பாத்துக்குறேன்."

ஒரு சனிக்கிழமை காலை என் கணவரும் நானும் அங்கே போனோம். கார் லிஃப்டில் ஏறியது. அடேயப்பா! இரண்டு டன் சாமான். பேட்டரியில் பட்டுவிடாமல் ஒர்க்‌ஷாப்காரர் நான்கு ஓரத்திலும் ரப்பர் கட்டை வைத்துத் தூக்கினார். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. ஒவ்வொரு அப்சர்பரின் தலையிலிருந்தும் சுண்டு விரல் கனத்தில் ஓர் ஒயர் வந்தது. என்னைச் சாயாமல் பிடித்தது இந்த ஒயர்தானா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவர் குழந்தையின் காதுத் தோட்டைக் கழற்றுகிற மாதிரி கழற்றினார். ஸ்ப்ரிங்கை மாற்றினார், ஒயரைத் திரும்ப மாட்டினார். மதியத்துக்குள் நான்கும் முடிந்தது. கார் தரைக்கு வந்தது.

என் இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்தேன். இரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது.

அவர் நம்பவில்லை, தானே அளந்தார். காரை நான்கு முறை அமுக்கிப் பார்த்தார். தோட்டத்து ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தார். அதே இரண்டு. "மூணரைன்னு சொன்னீங்களே! வாய்ல வந்ததைச் சொன்னீங்களா?" என்று கத்திவிட்டேன். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஸ்டைலுக்குத்தானே, ரெண்டு போதும்லா. நல்லாத்தான் இருக்கு," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்காரர் காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அலாமாக்! அக்கா, தப்பு என் மேலதான். சக்கரம் தொங்குறப்பவே போல்ட்டை முறுக்கிட்டேன். நீங்க வெயில்ல உக்காந்திருக்கீங்களேன்னு அவசரப்பட்டேன்."

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டுகளில் ரப்பர் இருக்கிறதாம். எந்த நிலையில் போல்ட்டை முறுக்குகிறோமோ அதையே தன் இடம் என்று அது பிடித்துக்கொள்ளுமாம். தொங்கும்போது முறுக்கியதால், கார் தரையில் நின்ற பிறகும் ரப்பர் அதை மேலே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு டன்னை! என் அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்தப் பாலுக்கு இவ்வளவு பிடிவாதம் உண்டு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

காரைச் சாய்பலகைகளில் ஏற்றி, சக்கரங்களின் மேலேயே நிற்கவைத்தார். அடியில் படுத்து முதல் போல்ட்டைத் தளர்த்தினார். 'டப்' என்று ஒரு சத்தம். கார் ஒரு பக்கம் இறங்கியது, என் கண் முன்னால். இரண்டாவது, மூன்றாவது. யாரும் அமுக்கவில்லை, தள்ளவில்லை. அது தானே தன் இடத்தைத் தேடி உட்கார்ந்தது. எனக்குக் கைமயிர் சிலிர்த்துவிட்டது. அப்படியே வைத்து எல்லாவற்றையும் திரும்ப முறுக்கினார். பிறகு மடிக்கணினியைச் சொருகி, "இனிமே இதுதான் உன் உயரம்னு வண்டிக்குச் சொல்லணும்க்கா" என்றார். அதுவும் கேட்டுக்கொண்டது.

ஸ்கேல் மூன்றரை காட்டியது.

பலகையை எடுத்தேன். என் கணவர் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "தள்ளி நில்லுங்க," என்றேன். பலகையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியில் செருகினேன், மறு முனை சீட்டில். கையை ஊன்றினேன். ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு. மூன்றாவதில் தோள் நடுங்கியது, விடவில்லை. ஸ்டியரிங் என் நெஞ்சுக்கு நேரே வந்திருந்தது. கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

என் கணவர் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் மெல்ல உட்கார்ந்தார். இடுப்பில் கை வைத்தார். என் எதிரில் அவர் அப்படிக் கை வைத்து நான் பார்த்ததே இல்லை.

"ரொம்ப வலிக்குது," என்றார். "நிக்கவே முடியல."

"தெரியும்."

"தெரியுமா?"

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் ஓட்டுறேன்."

எழுந்து வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். குனிய முடியவில்லை. "என்னா இது, இவ்ளோ கீழ இருக்கு!" என்று முனகினார். ஒர்க்‌ஷாப்காரர் ஓடி வந்து, "அண்ணே, மெதுவா, மெதுவா" என்று இரண்டு கையாலும் அவரைத் தாங்கி சீட்டில் இறக்கினார். பிறகு என் நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தோட்டத்து ரோட்டில் குழிக்குப் பஞ்சமே இல்லை. முதல் குழி வந்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைப் பற்றினார். கார் அதில் இறங்கி ஏறியது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது குழிக்குப் பிடியை விட்டார். நான் பெரிய ரோட்டில் திரும்பியபோது தூங்கிவிட்டிருந்தார்.