ஓடிப் போனவன் பாட்டு

போன வாரம் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ளப் போயிருந்தேன். வாயை ஆவென்று பிளந்து, நாக்குக்குப் பக்கத்தில் பஞ்சை அடைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். அப்போதுதான் கூரையிலிருந்த ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது. தடதடவென்று கிடார், அதன் மேல் மூக்கால் கத்தும் ஓர் அமெரிக்கப் பையன். என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. கண்ணிலிருந்து தண்ணீரும் வழிந்துவிட்டது. பல் டாக்டர் சின்னப் பெண். பதறிப்போய், "வலிக்குதா மேடம்?" என்று கேட்டாள். பதில் சொல்லத்தான் வாய் இல்லையே. இன்னொரு ஊசி போட்டுவிட்டாள். கிளம்பும்போது பாட்டைப் பற்றிக் குழறிக் குழறிக் கேட்டேன். "அது எங்கப்பா காலத்துப் பாட்டு மேடம்" என்றாள். இதற்கு மூன்றாவது ஊசியே தேவலை.

வீடு வந்து சேரும்வரை வாயில் கிராம்பு எண்ணெய் வாசனை. கிராம்பு என்றால் எனக்கு சாதிக் பாயின் சுமோ வண்டி ஞாபகம்தான். தூக்கம் வராமல் இருக்கக் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்துக்கொண்டேதான் ஓட்டுவார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரெல்லாம் கால் சென்டர் முளைத்த காலம் அது. நகரத்தின் அந்தக் கோடியில் எங்கள் கம்பெனி, எங்களை ஏற்றிப்போக விட்ட வண்டிதான் அந்த சுமோ. இங்கிலாந்தில் யார் வீட்டிலாவது துணி துவைக்கும் மெஷின் நின்றுபோனால் எங்களுக்கு போன் வரும். எங்கள் வீட்டில் அப்போது துவைக்கிற கல்தான். நான் மட்டும் மெஷினைப் பெற்று வளர்த்தவள் போல ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ராயபுரத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் என்னோடு வேலை பார்த்த டில்லியை ஏற்றிக்கொண்டு, வியாசர்பாடி வழியாக வண்டி போகும். போகும் என்று சொல்வது மரியாதைக்கு. துறைமுகத்திலிருந்து கூட்ஸ் வந்தால் கேட் மூடிவிடும். மூடினால் அது எப்போது திறக்கும் என்பது கடவுளுக்கும் கேட் கீப்பருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. டில்லி என்னைவிட ஒரு வயது சின்னவன், "யக்கா, யக்கா" என்பான். வண்டியில் ஏறியதும் அவன் செய்யும் முதல் வேலை அந்தப் பாட்டைப் போடுவது.

பாட்டை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்ததே கம்பெனிதான். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெங்களூர்க்கார மேடம், இதை மூச்சு விடாமல் பாடிவிட்டால் வெள்ளைக்காரன் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் புரியும் என்று நம்பினார். இந்த வகைக்கு பாப் பங்க் என்று பெயராம். எங்களுக்கு பங்க் என்றால் சலூனில் வெட்டும் தலைமுடி. ஆனால் அந்த வருடம் அந்தப் பாட்டு புகாத இடமில்லை. காலேஜ் விழாவில் அதுதான், கேபிள் டிவியில் அதுதான், செல்போன் மணியும் அதுதான். திருவொற்றியூரில் ஒரு சலூனில் பாட்டுக்காரனின் படத்தை ஒட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் ஜெல் தடவி முடியை நட்டமாக நிறுத்தி அனுப்பினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, நகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசினேன். அம்மா கையைப் பிடித்துப் பார்த்து, "கதவுல நசுக்கிக்கினியா?" என்று தேங்காய் எண்ணெய் எடுக்கப் போய்விட்டாள்.

பாட்டின் அர்த்தத்தில்தான் எங்களுக்குக் குழப்பம். ஒரு பையன். நல்ல வீடு, தனி அறை. ஆனால் வீடு பிடிக்கவில்லை, தெரு பிடிக்கவில்லை. நான் போகிறேன், என்னைத் தேடாதீர்கள் என்கிறான். அதை அப்படிக் குதித்துக் குதித்துப் பாடுகிறான். அவன் அழுகிறானா, சிரிக்கிறானா?

"யக்கா, தனி ரூமு குட்த்துக்கிறாங்கோ. கதவ வேற சாத்திக்கிறான். அப்பால இன்னா பேஜாரு அவனுக்கு?" என்று டில்லி கேட்பான். ஓர் அறையில் ஆறு பேர் படுக்கிற வீடு அவனுடையது.

பயிற்சியில் இன்னொரு பாடம் உண்டு. ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொந்த ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். எல்லோரும் ஆறு, கோயில், மாமரம் என்று அளந்தார்கள். டில்லி எழுந்து, எனக்குத் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். மேடம் அவன் கூச்சப்படுகிறான் என்று நினைத்தார். வண்டியில்தான் என்னிடம் சொன்னான். "எங்க நைனாவுக்கு எந்த ஊருன்னு எங்கம்மாவுக்கே தெர்யாதுக்கா. சின்ன வயசுல வந்துட்டாராம். கேட்டா வேற பேச்சுக்குப் பூடுவாரு." அந்த வருடம் முழுக்க அவனுக்கு அது ஒரு முள்ளாகவே இருந்தது. கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நைனாவை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பஸ்ஸில் இல்லை, வாடகைக் காரில், என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எந்த ஊருக்கு என்பதுதான் பாக்கி.

டில்லியின் அப்பாவை நாங்களும் நைனா என்றுதான் கூப்பிடுவோம், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குபவர். கேட் மூடியிருந்தால் டீ கிளாஸோடு எங்கள் வண்டி ஜன்னலுக்கு வந்துவிடுவார். தோளிலும் புருவத்திலும் சிமெண்ட் வெள்ளை. முதல் முறை பாட்டைக் கேட்டதும், "இன்னாடா இது, காய்ற எண்ணெய்ல தண்ணி பட்டாப்ல?" என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "அடி மட்டும் நம்ம சாவு மோளம் கணக்காகீது" என்று வண்டிக் கூரையில் தட்டினார். உண்மையிலேயே பொருந்தியது.

ஒரு நாள் டில்லி டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார். "இன்னா பாப்பா பாடறான் அவன்?"

"வூட்டை வுட்டு ஓடிப் போறான் நைனா. தேடாதீங்கன்றான்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "ஏன், அட்ச்சாங்களா?"

"இல்ல. ஒண்ணும் பண்ணல. அவனுக்குப் போரடிக்குதாம்."

கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அத்துக்கேவா ஓட்றான்?" என்றார். கேட் திறந்துவிட்டது. அன்றிலிருந்து அவராகவே வந்து, "ஓடிப் போனவன் பாட்டப் போடு" என்பார். கூடவே பாடுவார், வார்த்தை ஒன்றும் வராது, ராகம் மட்டும் சரியாக இருக்கும். "நான் பூட்டா இத்தத்தான் வாசிக்கணும்" என்று ஒரு நாள் டில்லியிடம் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார். வேலை முடிந்து ஷெட் ஓரமாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் டில்லி வீட்டுக்குக் கம்பெனிக்காரர்கள் மாலையோடு வந்திருந்தார்கள், பெங்களூர் மேடமும் வந்திருந்தார். நான் உள்ளே பெண்களோடு டில்லியின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவரு பக்கத்துப் பங்காளிங்க யாரும் வர்லியா? சொல்லியாவது வுட்டீங்களா?" எங்கே சொல்லிவிடுவது? டில்லி நேராக, சாவுக்கு வாசிக்க வந்திருந்த பேண்டுக்காரர்களிடம் போய், செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டு அவர்கள் காதில் வைத்தான்.

ட்ரம்பெட்காரர் இரண்டு தடவை கேட்டார், பிடித்துவிட்டார். மேளத்துக்கு ஒன்றுமே சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டில்லி ஆடினான், தெருவே ஆடியது. வாசல் வழியாக மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். இதற்குக் கைதட்டுவதா, கைகூப்புவதா என்று தெரியாமல் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சிரிக்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

டில்லியின் அம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாப்பா, எந்நேரமும் இத்தையே பாடிகினு இருப்பாரு. இன்னா சொல்லுது இந்தப் பாட்டு?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சாமி பாட்டு என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "ஒரு பையன் வூட்டை வுட்டுப் போறான்மா. தேடாதீங்கன்னு சொல்றான்" என்றேன்.

அவர் நைனாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். "திரும்பி வர்றானா?"

அந்த நிமிடம் வரை எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. எத்தனை நூறு முறை பாடியிருப்பேன்.

"தெரியலம்மா. பாட்டு அதோட முடிஞ்சுடுது."

"அவுரும் அதோடதான் நிறுத்துவாரு" என்றார் அம்மா. "ஒரு நாளு கெளம்பி வந்துட்டேன்னு ஆரம்பிப்பாரு. அவ்ளோதான்."

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. சாதிக் பாய் இல்லை. டில்லியின் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். டில்லி ஆவடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் மகள் பள்ளிக்கூடத்தில் சொந்த ஊர் எதுவென்று கேட்டால் கொருக்குப்பேட்டை என்று சொல்கிறாளாம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனாலும் எங்கேயோ ஓர் ஊரில், ஒரு வீட்டில், கொஞ்ச காலமாவது ஒரு பையனைத் தேடியிருப்பார்கள். அந்த ஊரின் பெயர் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, அந்தப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே, மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.