மாப்பிள்ளைக்கு எத்தனை மீற்றர் வேண்டும்?

1. இரண்டு படங்கள்

மணிக்கூடு திருத்தப் பழக வரும் பிள்ளைகளுக்கு ஸ்குறூ கழற்றக் காட்டிக்கொடுப்பதற்கு முன்பு இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். கேட்ட பிறகு இரண்டொருவர் ஃபோன் திருத்தும் தொழிலுக்குப் போய்விட்டார்கள். நிம்மதியான தொழில்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஒருநாள் காலையில் நான் கற்பிட்டியில் என் மணிக்கூட்டுக் கடையைத் திறந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கருவாட்டு வியாபாரி நஸீர் ஹாஜியார் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் சுமையாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம். கலியாண வீட்டுக்காரர் மாதிரி இல்லை, பொலிஸுக்குப் போய் வந்தவர் மாதிரி முகம்.

பொண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மணிக்கூடு கட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். வாப்பா ஒன்றை வாங்குவார், நான் பட்டியை அளவாக்கிக் கொடுப்பேன், அதோடு சரி. இந்த மாப்பிள்ளை ரிஸ்வான் கொஞ்சம் முன்னேறியவர். வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பி, இரண்டில் எது தந்தாலும் சந்தோஷம் என்று எழுதியிருந்தார். ஹாஜியாரின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் சந்தோஷம்தான். ஒன்று மட்டும் கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். இரண்டைக் காட்டிவிட்டால், எது குறைந்ததோ அதைத்தான் கொடுத்தார்கள் என்று பிறகு பேச்சு வரும்.

இரண்டும் ஆழ்கடலில் இறங்குகிறவர்கள் கட்டும் சுவிஸ் மணிக்கூடுகள். ஒன்று கறுப்பு முகம், முந்நூறு மீற்றர் ஆழம் தாங்கும். மற்றது நீல முகம், அறுநூறு மீற்றர். போதாததற்கு அதன் பக்கத்தில் ஹீலியம் வால்வு என்று ஒரு குமிழ்.

மாப்பிள்ளை கடலில் இறங்குவாரா என்று கேட்டேன்.

"அவருக்கு ஆலங்குடாவுல டைவிங் பிஸ்னஸ் ஈக்குது நானா" என்றார் ஹாஜியார்.

எங்கள் களப்பு ஆழமில்லாத கடலேரி, பல இடங்களில் சாரத்தை மடித்துக் கட்டினால் நடந்தே போகலாம். வெளிக்கடலில் பவளப்பாறை பார்க்க இறங்கும் வெள்ளைக்காரரும் நாற்பது மீற்றரோடு திரும்பிவிடுவார்கள். முந்நூறு மீற்றருக்கு மாப்பிள்ளை போனால் மணிக்கூடு ஓடும், மணி பார்க்கத்தான் ஆள் இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். ஹாஜியாரின் மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, முந்நூறைக் கட்டினால் மாப்பிள்ளையைப் பாதியாக மதித்தோம் என்று ஆகிவிடும் என்றார்.

2. பாரம் பார்த்தது

கொழும்புக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். கடையில் ஏசி எலும்புவரை குளிர்ந்தது. விற்கிற தம்பி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு இரண்டையும் வெல்வெட்டில் வைத்து, செரமிக் பெசல், சஃபாயர் கண்ணாடி என்று மெல்லிய குரலில் ஓதினார். ஹாஜியார் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. இரண்டையும் தூக்கி உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பாரம் பார்த்தார்.

அறுக்குளாக் கருவாட்டை அவர் அப்படித்தான் பார்ப்பார். அந்தத் தொழிலில் பாரம் கூடினால் சரியாகக் காயவில்லை என்று அர்த்தம், வாங்காமல் தள்ளிவிடுவார். அன்று மட்டும் பாரத்தை நம்பினார். "இதுதான்" என்று நீல முகத்தை நீட்டினார். கையுறைத் தம்பி அருமையான தெரிவு என்று சிரித்தார். கறுப்பை எடுத்திருந்தாலும் அதே சிரிப்புத்தான் வந்திருக்கும்.

கலியாணத்தில் மணிக்கூட்டைப் பார்க்க வந்த கூட்டம் பொண்ணைப் பார்க்க வரவில்லை. ஹீலியம் வால்வு எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் அதை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிரியாணிக்குப் போனார்கள்.

3. டுப்ளிகேட்

கொஞ்ச நாளில் ரிஸ்வான் மணிக்கூட்டை என் மேசையில் கொண்டுவந்து போட்டார். அடிக்கடி நின்றுவிடுகிறதாம். திறந்து பார்த்தேன். உள்ளே ஓட்டுகிற இயந்திரம், மூவ்மென்ட், பளிங்கு மாதிரி இருந்தது. என் கையில் கட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. திருப்பிக் கொடுத்தேன். அங்கே போய் இரண்டு மூன்று நாளில் நின்றது. திரும்பவும் வந்தது, என்னிடம் ஓடியது.

அதற்குள் அவருடைய உம்மா ஆலங்குடா முழுக்கச் சொல்லிவிட்டார், பொண் வீட்டார் டுப்ளிகேட் வாட்ச் கட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று. மாப்பிள்ளை வீட்டில் இருந்த சுமையா சோறு போட்டாலும் தண்ணீர் கொடுத்தாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டியிருந்தது. செய்தி ஹாஜியாருக்குப் போனதும் அவர் வேன் பிடிக்கச் சொல்லிவிட்டார். மகளைக் கூட்டி வரப்போகிறாராம்.

நான் ரிஸ்வானைக் கூப்பிட்டு, காலையிலிருந்து என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மேனேஜ்மென்ட்" என்றார்.

விசாரித்ததில் விளங்கியது. கடலில் இறங்குவது கூலிக்கு வைத்த பொடியன்கள். போட் ஓட்டுவது கூடப்பிறந்த மூத்த காக்கா. இவர் ஓலைக் கொட்டிலில் சாய்வுக் கதிரையில் படுத்து ஃபோனைப் பார்ப்பார். கடல்பக்கம் எழுந்து போனால் மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுவார். உப்புத் தண்ணீர் பட்டால் பழுதாகிவிடுமாம். அறுநூறு மீற்றர் தாங்கும் மணிக்கூடு கண்ட ஆகப் பெரிய தண்ணீர் பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுல் தொட்டிதான்.

அது ஒட்டோமெட்டிக். பற்றரி கிடையாது. உள்ளே ஒரு ரோட்டர் இருக்கிறது, கை அசைந்தால் அது சுற்றும், அது சுற்றினால்தான் ஸ்பிரிங் முறுக்கேறும். மாப்பிள்ளையின் கை அசையவில்லை, மணிக்கூடு நின்றது. மணிக்கூட்டில் பிழையே இல்லை.

இதை யாரிடம் சொல்வது? ரிஸ்வானிடம் சொன்னால் வீட்டில் போய்ப் பொண்டாட்டிமேல் பாய்வார். ஹாஜியாரிடம் சொன்னால், சோம்பேறிக்கா பிள்ளையைக் கொடுத்தேன் என்று இன்னும் வேகமாக வேன் ஏறுவார். நாற்பது வருடத்துக்குமேல் பல்லுச் சக்கரம் பார்த்த எனக்கு அன்று ஒரு வழியும் தெரியவில்லை. அந்தப் பிள்ளையை நினைக்க மனம் கஷ்டமாக இருந்தது.

4. சுமையா

அவளே கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், பின்னேரத்தில் உடுப்புத் தைப்பவள். கதிரையில் உட்காரவும் இல்லை.

"மாமா, உண்மையச் செல்லுங்க. வாப்பாவ ஏமாத்திட்டாங்களா?"

இல்லை என்று சொல்லி, ரோட்டர் கதையை முழுவதும் சொன்னேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு சிரிப்பு நின்றது.

"நான் வாப்பாட வேன்ல ஏறி வீட்டுக்குப் போறதுக்கில்ல கலியாணம் முடிச்ச. அவர் கெட்ட மனிசன் இல்ல மாமா. எழும்புறதுதான் கஷ்டம்" என்றவள், என் மேசையில் கிடந்த மணிக்கூட்டைத் தன் கையில் போட்டுப் பார்த்தாள். வளையல் மாதிரி முழங்கைவரை போனது. "இத எனக்கு அளவாக்கித் தாங்க."

பட்டியில் கண்ணி கழற்றிக் கொடுத்தேன். வீட்டில் போய், புது மணிக்கூடு, கொஞ்ச நாள் ஓடிப் பழக வேண்டுமாம் என்று ரிஸ்வானின் உம்மாவான மாமியிடம் சொல்லியிருக்கிறாள். வாப்பாவை ஃபோனில் பிடித்து வேனையும் நிறுத்திவிட்டாள். அவள் கரும்பலகையில் எழுதினாள், உரலில் இடித்தாள், மெஷினில் தைத்தாள், கிணற்றில் அள்ளினாள். மணிக்கூடு நிற்கவே இல்லை. பழகிவிட்டது என்று, கழற்றிய கண்ணியை என்னிடம் திரும்பப் பூட்டுவித்து, ரிஸ்வானின் கையில் கட்டிவிட்டார்கள். நின்றது. கண்ணி கழன்று திரும்ப அவளுடைய கைக்கு வந்தது, ஓடியது. இதையெல்லாம் மாமி வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்த மாமி ஒருநாள் கடைக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் பேசியது பிழை என்று ஆரம்பித்து, ஹாஜியாரின் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வாட்ச் ஒரிஜினல்தான் நானா. நாங்க குடுத்ததுதான் டுப்ளிகேட்."

ஒரு பிளேன்டீ எடுப்பித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, மகனுக்கு என்று ஒரு பற்றரி மணிக்கூடு வாங்கிக்கொண்டு போனார். கை அசைந்தாலும் அசையாவிட்டாலும் அது ஓடும்.

ஆகவே பிள்ளைகளே, இரண்டு மணிக்கூட்டைக் காட்டி எது நல்லது என்று யாரும் கேட்டால், மீற்றரைப் பார்க்காதீர்கள், விலையையும் பார்க்காதீர்கள். கட்டப்போகிறவரைக் கடைக்குக் கூட்டிவரச் சொல்லி, கையை நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.