மகமைப் பணம் சுற்றி வந்த பாதை

சந்தனச்செல்விக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. கல்யாண வீடு, துட்டி வீடு என்றெல்லாம் பார்க்காமல் பொத்துக்கொண்டு வரும். உடன்குடிப் பக்கம் பிறந்து தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். உப்பளத்துப் பெண்களுக்கும் கருவாட்டுக்காரிகளுக்கும் சின்னச் சின்னக் கடன் கொடுக்கிற சங்கத்துக்குச் செயலாளர். அந்தக் கார்த்திகையில் அவளுக்கே சிரிப்பு நின்றுபோயிருந்தது.

சங்கத்துக்குச் சொந்த முதல் கிடையாது. பெரிய பாங்கில் வட்டிக்கு வாங்கி, மேலே கொஞ்சம் வைத்து வெளியே கொடுப்பார்கள். வெயில் காலத்தில் எல்லாம் ஜோர்தான். மழை விழுந்தால் உப்பளமெல்லாம் தண்ணீர், வேலை கிடையாது. பெண்கள் தவணைக்கு எங்கே போவார்கள், பாவம்! பாங்குக்கு மழையாவது வெயிலாவது? மாதம் பிறந்தால் தவணை வந்தாக வேண்டும். அபராத வட்டியிலேயே வெயில் காலத்து லாபம் மொத்தமும் கரைந்துவிடும். இன்னொரு வருஷம் நஷ்டம் வந்தால் சங்கத்தை மூடிவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு அடிபட்டது. மூடினால் அத்தனை பெண்களும் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டு பாங்குக்குப் போனாள் செல்வி. மேனேஜர் கால் கடுக்க நிற்கவைத்தார். கண்ணாடிக்கு உள்ளே பார்த்தால், மகாராஜன் அண்ணாச்சி சட்டமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்! பலசரக்குக் கடைக்காரர், வியாபாரிகள் தலைவர். ஒவ்வொரு கடைக்காரரும் விற்பனையில் ஒரு பங்கைப் பொதுவுக்கு எடுத்துவைக்கிற மகமைப் பணத்தை அந்த பாங்கில்தான் டெபாசிட் போட்டிருந்தார்.

அவர் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். “அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன வட்டி தாரான்?”

“ஏழு. ஏன் கேக்க?”

“எனக்குப் பதினாலுக்குல்லா தாரான்!”

இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு! வாட்ச்மேன் எட்டிப்பார்க்க, செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நம்ம பணத்த நமக்கே ரெட்டை வட்டிக்கு விக்கான் அண்ணாச்சி! நீங்க டீ குடிக்கிய, நான் நிக்கேன்!”

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் வியாபாரி அல்லவா? “ஏளா, ஒங்கிட்ட போட்டு, நாளைக்கு நாங்க திருப்பிக் கேட்டா என்ன செய்வ?”

“மொத்தமும் ஒங்ககிட்ட வாங்கல. பாதி பாங்குக் கடன் இருக்கட்டும், பாதி ஒங்க டெபாசிட். ஒரு வருசக் கெடுவுக்குப் போடுங்க, நடுவுல கேக்காதிய. ஒம்பது வட்டி தாரேன்.”

கடைக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, மகமைப் பணத்தில் பாதியை ஒரு வருஷத்துக்குப் போட்டார்கள். வட்டிச் சுமை இறங்கியது. மழை மாதத்தில் பெண்களுக்குத் தவணையைக் குறைத்து, வெயில் மாதத்தில் கூட்டி வாங்கினாள். வாராக்கடன் அப்படியே வற்றிப்போனது. சங்கம் முதல்முறையாக லாபம் பார்த்தது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு லட்டு கொடுத்தாள் செல்வி.

அந்தக் குதியாட்டத்தில் ஒன்றை மறந்துபோனாள். கார்த்திகையில் ஒரு வருஷத்துக்கு வாங்கிய டெபாசிட், அடுத்த கார்த்திகையில்தானே முடியும்! கொட்டுகிற மழையில், கையில் காசு வராத அதே மாதத்தில். அண்ணாச்சி எடுத்தால் அன்றைக்கே சங்கம் படுத்துவிடும். அடுத்த மழை இறங்கியபோதுதான் அவளுக்கு இது உறைத்தது.

கெடு முடிகிற அன்று தெருவில் முழங்கால் தண்ணீர். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, மஞ்சப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி மகாராஜன் அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். போச்சுடா என்று நினைத்துக்கொண்டே செல்வி அவருக்கு நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

“பணம் எடுக்கவா அண்ணாச்சி வந்திய?”

அவர் பையிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்த ஒரு செக்கை எடுத்து மேஜைமேல் விரித்தார். “பாங்குல கெடந்த மிச்சமும் இதுல இருக்கு. பழசையும் புதுப்பி, இதையும் போடு. ஆனா ரெண்டும் பங்குனி வெயில்ல முடியுத மாதிரி எழுது. கார்த்திகையில முடியுத மாதிரியா வாங்குவ, கூறுகெட்ட புள்ள? அன்னைக்கே சொல்லணும்னு வாயத் தொறந்தேன், நீ லட்ட வாய்ல திணிச்சிட்ட!”

கரண்ட் இல்லை. பாஸ்புத்தகத்தால் செக்கை விசிறி விசிறிக் காயவைத்தாள் செல்வி. சிரிப்பு தாங்காமல் கண்ணீர் கொட்டியது.

“தள்ளி நின்னு அழுளா,” என்று பதறினார் அண்ணாச்சி, “கையெழுத்து அழிஞ்சிரப் போவுது!”