கடைசி ரீலில் சாகிறவள்

கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களில் கெட்ட பெண்ணாக நடிப்பது என்பது, விடியற்காலையில் எழுந்து, இரண்டு மணி நேரம் கொண்டை போட்டு, புருவம் தீட்டி, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போய், சாயங்காலத்துக்குள் சுடப்பட்டுச் சாகிற உத்தியோகம். அதை நான் பதினோரு வருஷம் பார்த்தேன். இப்போது எண்பது வயது. சிட்னியில், கிரவீனில், மகன் சேகர் வீட்டில் இருக்கிறேன்.

என் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. டைட்டிலில் ஹீரோ, ஹீரோயின், காமெடியன், ஹீரோவின் அம்மா எல்லோரும் வந்து போனபின் ‘மற்றும்’ என்று ஒரு சொல் வருமே, அதற்கும் கீழே இருப்பேன். ஆனால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இன்ஜினியரிங் படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்து வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கியவர்கள். ஊரில் டாக்டராக இருந்துவிட்டு இங்கே மறுபடி பரீட்சை எழுதியவர்கள். ஒரு வேலைக்கென்று கிளம்பி வேறொன்றில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பாதி முகம்

கதாநாயகியாகத்தான் போனேன். பத்தொன்பது வயது. அப்பா போய்விட்டார், கீழே இரண்டு தம்பிகள். வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் டெஸ்ட் எடுத்தார்கள். தாவணியைக் கட்டிவிட்டு, கையில் பூக்கூடையைக் கொடுத்து, சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். காமிராக்காரர் வயதானவர், பேச்சு குறைவு. ஒவ்வொரு விளக்காக அணைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. எனக்கு என் பூக்கூடையே தெரியவில்லை.

அவர் லென்ஸ் வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். டைரக்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பூக்கூடையை வாங்கிக்கொண்டு கையில் ஒரு சிகரெட்டைக் கொடுத்தார்கள். “ஏன் சார், வெளிச்சம் பத்தலையே?” என்று கேட்டேன்.

“இந்த மூஞ்சிக்குப் பாதி வெளிச்சம் போதும்மா. முழுசாப் போட்டா நல்லவளாத் தெரியறே” என்றார்.

டு லெட்

முதல் படம் ஓடியது. அதில் நான் ஒரு நகைக்கடைக்காரரை மயக்கி, கடைச் சாவியை வாங்கிக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, மாடிப்படியில் செத்துப்போவேன். அம்மாவும் தம்பிகளும் இருக்கக் கொஞ்சம் பெரிய வீடாகத் தேடினோம். கோடம்பாக்கத்தில் ஒரு வீடு எங்களுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் அன்றைக்கே பால் காய்ச்சிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் சாமான்களோடு போய் இறங்கினால் கதவில் பூட்டு. வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. “நாங்க மானமாப் பொழைக்கறவங்கம்மா. இவ நடிக்கத்தான் நடிக்கறா” என்றார்.

அந்த அம்மாள் கோபமாகவே பேசவில்லை. என் அம்மாவுக்குக் குடிக்க மோர்கூடக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைம்மா. எங்க வீட்டுக்காரர் மேலதான்.”

தோட்டா

சினிமாத் துப்பாக்கியில் குண்டு இருக்காது, வெடிமருந்தும் காகிதமும்தான் என்பார்கள். அந்தக் காகிதம் கிட்டத்தில் பட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. இன்ஸ்பெக்டராக நடித்தவர் பத்தடி தள்ளி நின்று சுட வேண்டும். அவருக்கு வேறொரு ஷூட்டிங்குக்குப் போகிற அவசரம். நாலடிக்கு வந்து சுட்டுவிட்டார். கழுத்தெலும்புக்குக் கீழே தீக்கொள்ளியை வைத்தாற்போல இருந்தது. ஜாக்கெட் கருகி, தோல் உரிந்து, நான் கத்திய கத்தலில் மேலே பரணில் இருந்த லைட்மேன் ஒருவர் இறங்கியே வந்துவிட்டார்.

டைரக்டரும் ஓடி வந்தார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார். டாக்டரைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

“அப்படியே படுத்திரும்மா, க்ளோசப் எடுத்துடறேன். ஆறிப்போச்சுன்னா இந்த வலி மறுபடி வராது” என்றார்.

நர்ஸ்

ஆறு வருஷம் கெஞ்சி ஒரு நல்ல வேஷம் வாங்கினேன். நர்ஸ். யாரையும் மயக்க வேண்டியதில்லை, கொல்ல வேண்டியதில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஹீரோவின் தங்கையை இரவு பகலாகக் கவனித்துப் பிழைக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் படத்துக்காக நிஜ ஆஸ்பத்திரிக்குப் போய், தலையணையை எப்படி நகர்த்துகிறார்கள், நோயாளியின் தலையை எப்படித் தாங்குகிறார்கள் என்று பார்த்துப் பழகினேன். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை.

படம் வந்ததும் முக்காடு போட்டுக்கொண்டு அம்மாவோடு தியேட்டருக்குப் போனேன். திரையில் நான் வெள்ளை உடையில் கதவைத் திறந்துகொண்டு வந்தபோதே கொட்டகையில் ஒரு சலசலப்பு. அலமாரியிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தேன். சலசலப்பு நின்றது. புட்டியைக் குலுக்கி, கரண்டியில் ஊற்றி, அந்தப் பெண்ணின் வாயருகே கொண்டுபோனேன். “குடிக்காதேம்மா! குடிக்காதே!” என்று தரை டிக்கெட் முழுக்க எழுந்து நின்று கத்தியது. ஒரு செருப்பு திரையில் வந்து விழுந்தது.

அந்தப் பெண் பிழைத்து எழுந்து உட்கார்ந்த பிறகும் யாரும் நம்பவில்லை. எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர் தன் மனைவியிடம், “அவ சும்மா விடுவான்னு நெனச்சியா? இன்டர்வெல்லுக்கு அப்புறம் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கலர்

பிறகு எல்லாம் கலர் ஆயிற்று. கிளப்பில் ஆடுவதையும் குட்டைப் பாவாடை போடுவதையும் கதாநாயகிகளே பார்த்துக்கொண்டார்கள். கெட்டவளுக்கென்று தனியாக ஆள் தேவைப்படவில்லை. எனக்கு மிஞ்சியது அலறல். புதுக் கதாநாயகிகளுக்குக் கத்த வராது. பேயைக் கண்டு, பாம்பைக் கண்டு, பிணத்தைக் கண்டு அவர்கள் வாயைத் திறக்க, ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் சத்தம் கொடுப்பேன். என் கணவர் அங்கேதான் சவுண்ட் இன்ஜினியர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பதினைந்தாவது அலறலுக்கு அப்புறம் மைக்கை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “பயந்தவ கத்தற மாதிரி இல்லை. அலுத்துப்போனவ கத்தற மாதிரி இருக்கு.”

பாயசம்

அவர் காலமான பிறகு சேகர் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். இந்த ஊரில் யாருக்கும் நான் யாரென்று தெரியாது. அது பெரிய நிம்மதியாக இருந்தது. மேய்ஸ் ஹில் கோயிலில் ஒரு விசேஷ நாள் அன்னதானத்துக்குப் பரிமாற ஆள் போதவில்லை என்றார்கள். முழங்கால் வலியோடு பாயச வாளிக்குப் பின்னால் நின்றேன். தட்டை நீட்டிய ஒருவர் நகராமல் என்னையே பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயது இருக்கும்.

“அம்மா, நீங்கள் முந்திப் படங்களிலை நடிச்சனீங்களோ?”

“ஆமாங்க.”

“டொக்டரின்ர மனுசிக்குப் பாலுக்குள்ளை நஞ்சு கலந்து குடுத்தது?”

“ஆமாங்க. நான்தான்.”

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடித்து மூன்று தரம் பார்த்தாராம். என் வசனம் ஒன்றை அப்படியே சொல்லிக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் என்னை அறிமுகம் செய்தார். எனக்கும், உண்மையைச் சொன்னால், உள்ளே குளிர்ந்துதான் போயிற்று. கரண்டி நிறையப் பால் பாயசத்தை எடுத்து அவர் தட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“குறை நினைக்காதேங்கோ அம்மா. நான் மற்ற லைனிலை வாறன்.”

மெல்பர்ன்

போன வருஷம் மெல்பர்னிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஷாலினி, மலேசியத் தமிழ்ப் பெண், பல் டாக்டர். பழைய குற்றப் படங்களைத் தேடிப்பிடித்துத் திரையிடுகிற ஒரு சின்னக் குழுவை நடத்துகிறாள். என் படம் ஒன்றின் நல்ல பிரதி கிடைத்திருக்கிறது, நான் வந்தே ஆக வேண்டும் என்றாள். சேகர்தான் அழைத்துப்போனான். டார்னெய்ட்டில் அவன் நண்பர் வீட்டில் தங்கினோம்.

சேகர் என் படம் எதையும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவனை ரொம்பக் கேலி செய்திருக்கிறார்கள்; வீட்டில் சொன்னதில்லை. காலேஜில் படிக்கும்போது ஏதோ சண்டையில் ஒரே ஒரு தரம், “உனக்கு வீட்டைவிட ஸ்டூடியோதானே முக்கியம்” என்றான். என்ன சொன்னாலும் வசனம் மாதிரி இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கும் அவன், “நீ போய்ட்டு வாம்மா, நான் கார்லயே இருக்கேன்” என்றான். பிறகு மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

நாற்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். கடைசிக் காட்சியில் நான் படிக்கட்டில் சுடப்பட்டு விழுந்து, ஹீரோவின் தோளுக்கு மேலே எங்கேயோ ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவேன். விளக்கைப் போட்டதும் ஒரு தாடிக்காரர் எழுந்தார். அந்தப் பார்வை ஏக்கமா, விடுதலையா, சாகும்போது அவள் எதைப் பார்க்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். களைப்பாக இருந்தது. நடந்ததையே சொல்லிவிட்டேன்.

ஹீரோவுக்குப் பின்னால் ஸ்டூடியோக் கதவு இருந்தது, கதவுக்கு மேலே கடிகாரம். என் பிள்ளைக்கு எட்டு மாதம், காய்ச்சல். பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லி வந்திருந்தேன். ஹீரோ வரத் தாமதம், அப்புறம் விளக்கு ஒன்று வெடித்தது. மணி நாலாகிவிட்டது. பால் கட்டி, உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது. கறுப்பு உடுப்பு, கறுப்பு வெள்ளைப் படம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன் என்றேன். பின்னால் திரும்பி சேகரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது சேகர்தான் காரை ஓட்டினான். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, “அன்னிக்கு எத்தனை மணிக்கும்மா வீட்டுக்கு வந்தே?” என்று கேட்டான்.

“அஞ்சே முக்கால். மேக்கப்பைக்கூடக் கலைக்கலை, அப்படியே ரிக்‌ஷா ஏறி வந்துட்டேன். அந்தப் புருவமும் உதட்டுச் சாயமுமா உன்னைத் தூக்கினேன். என் மூஞ்சியைப் பார்த்துப் பயந்து வீறிட்டு அழுதே.”

டார்னெய்ட் திருப்பம் வந்தது. சிக்னல் போட்டு வண்டியைத் திருப்பினான்.

“பயந்து இல்லைம்மா. பசியில அழுதிருப்பேன்.”

இத்தனை படங்களில் நடித்ததற்கு எனக்குச் சாதகமாக வந்த ஒரே விமர்சனம் அதுதான், அதுவும் படம் வெளியாகி ஐம்பது வருஷம் கழித்து.