இரும்பு டிரம்மில் வெந்த மஞ்சள்

பலாமரத் தூள் வேகும் வாசனை தெரியுமா உங்களுக்கு? பழ வாசனை துளியும் வராது... நனைந்த பலகையை வெயிலில் போட்ட மாதிரி ஒரு வாசனை. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் அன்றைக்கு முழுக்க அதுதான்.

அப்போது நான் ஸ்கூலில் கைவேலை டீச்சர். கான்ட்ராக்ட். கண்காட்சி நன்றாக அமைந்தால்தான் அடுத்த வருஷம் வேலை என்று ஹெச்.எம். முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நானோ, அமெரிக்காவின் நவஹோ பழங்குடிப் பெண்கள் நெய்யும் விரிப்பைச் செய்து காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவர்கள் தங்கள் மண்ணில் முளைக்கும் செடியிலும் பட்டையிலும் நூலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். நம் பக்கம் என்ன முளைக்கிறது? பலா! அதன் மரத்தூளை வேக வைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும்.

பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர். அங்கே மரம் அறுக்கும் இடத்திலிருந்து ஒரு மூட்டை தூள் வரவழைத்தார். கம்பளிக்கு எங்கே போவது... பருத்தி நூல்தான். மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்த அவர் வீட்டுக்காரர், பழைய இரும்பு டிரம்மை அடுப்பில் ஏற்றிக் கொடுத்தார்.

நூலைத் தூக்கினால் மஞ்சளைக் காணோம். அழுக்குக் காக்கி.

"இன்னாங்க இது, உங்க யூனிபார்ம ஊற வச்ச தண்ணி மாதிரி வந்துகினு இருக்குது?" என்று அக்கா வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போச்சு என்று அழுதேவிட்டேன்.

"அழுவாதம்மா... தூளு இன்னும் பாதி மூட்டை கெடக்குது" என்றார் அக்கா.

அப்போதுதான் படித்தது ஞாபகம் வந்தது. நவஹோ பெண்களுக்கும் வேக வைக்கிற பாத்திரம் மாறினால் நிறம் மாறுமாம். அக்காவின் கிறிஸ்துமஸ் பிரியாணி குண்டான் அலுமினியம். அதில் படிகாரம் போட்டு வேக வைத்தோம். வந்தது பாருங்கள் ஒரு மஞ்சள்!

காக்கியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. மரச்சட்டத்தில் ஆணி அடித்து, இரண்டையும் பட்டை பட்டையாகச் சேர்த்தே நெய்தேன்.

கண்காட்சியில் ஹெச்.எம். மஞ்சளைத் தாண்டிக் காக்கியில்தான் கை வைத்தார். "இது எந்த ஊர் கலரும்மா?"

"நம்ம ஊருதான் மேடம். பலாவும் இரும்பும் சேந்தது."

அடுத்த வருஷமும் எனக்கு வேலை இருந்தது.

இப்போது சாயப்பொடி பாக்கெட்டில் வாசலுக்கே வருகிறது. எதில் கரைத்தாலும் ஒரே நிறம். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த கைவேலை டீச்சர் நேற்று போன் செய்தாள். அவளும் கான்ட்ராக்ட்தான். இந்தக் கதையெல்லாம் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"பலாத்தூள் வந்துடுச்சுக்கா. குண்டானும் இருக்கு. அந்த இரும்பு டிரம் இன்னும் வச்சிருக்கீங்களா?"

மேரி அக்கா குவார்ட்டர்ஸ் காலி பண்ணும்போது என்னிடம் விட்டுப்போன டிரம். அதில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை உடனே செடிகளுக்கு ஊற்றிவிட்டு, கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.