தாத்தா ஊருக்குப் போன நாட்கள்

எங்கள் வீட்டில் காணாமல் போன எதையும் கண்டுபிடிப்பவள் நான்தான். அப்பாவின் மூக்குக் கண்ணாடி, ரேஷன் அட்டை, அம்மா பத்திரமாக வைத்துவிட்டு இடத்தை மறந்துவிடும் சாவி, எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, மூன்று மாதத்துக்குள் குடியுரிமைக்கு ஆதாரம் கொண்டுவராவிட்டால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று அலுவலகத்தில் சொன்னபோது நான் மிரளவில்லை. தாத்தாவைத் தேட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. புரட்சி அரசாங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு ராணுவத்தார் பர்மாவை ஆண்டுகொண்டிருந்தார்கள். ரங்கூனிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலம். பசுந்தாங் பேட்டையில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் எட்டு வீடுகளில் ஐந்து காலியாகிவிட்டன. அப்பா குமாஸ்தாவாக இருந்த மரக் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்த என் சம்பளத்தில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். என் வேலை போனால் நாங்களும் கப்பலேற வேண்டியதுதான். போய் இறங்கினால் அந்தப் பக்கம் கைகாட்டிக் கூப்பிட ஒருவரும் கிடையாது.

சட்டம் கேட்டது ஒன்றே ஒன்று. அப்பாவும் அப்பாவின் அப்பாவும் இந்த நாட்டையே நிரந்தர வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் என்று காட்ட வேண்டும். அதை எழுத்தில் காட்ட வேண்டும். எங்கள் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு ஜப்பான் சண்டைக் காலத்தில் குண்டு விழுந்து எரிந்துபோயிருந்தது. தாத்தாவின் கல்லறைக் கல்லில் பெயர் மட்டும்தான் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

"எங்கப்பா தொண்டர்படையில இருந்தாருல்லா," என்றார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே. "வெள்ளக்காரன் எதையும் எழுதாம விடமாட்டான். எங்கயாவது இருக்கும்."

தொண்டர்படை என்றால் முழுநேரச் சிப்பாய்கள் இல்லை. வாரமெல்லாம் அலுவலகத்தில் பேனா பிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காக்கி உடுத்திக்கொண்டு மைதானத்தில் அணிவகுத்து நடந்தவர்கள். கலவரம் வந்தால் பாலத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் காவல் நிற்பார்கள். தாத்தா யாரையும் சுட்டதாக வீட்டில் கதை இல்லை. தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பார் என்றுதான் கதை.

படைவீரருக்கு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. தாத்தாவின் எண் அப்பாவுக்கு மனப்பாடமாக இருந்தது. படையில் கொடுத்த கித்தான் பையில் அதை வெள்ளை மையில் எழுதியிருந்தார்களாம். பிறகு அந்தப் பையில் பாட்டி அரிசி வைத்ததால், அப்பா எண்களைப் படிக்கக் கற்றதே அதைப் பார்த்துத்தானாம். நான் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு மறுநாளே லீவு போட்டேன்.

பழைய அரசாங்கக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் பதிவறை இருந்தது. அதன் காப்பாளர் ஒரு வயதான பர்மாக்காரர். பற்றவைக்காத சுருட்டு ஒன்று எப்போதும் வாயில் இருக்கும். காகிதங்களுக்கு நடுவில் நெருப்பு கூடாது என்பது அவர் சட்டம், சுருட்டு இல்லாமல் இருக்க முடியாது என்பது அவர் பலவீனம். நான் அவரை மாமா முறையில் 'ஊலே' என்று கூப்பிட்டேன். அவர் என்னை மகளே என்று 'தமீ' போட்டுப் பேசினார். எனக்குப் பர்மிய மொழி தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூடத்தில் அதில் நான்தான் முதல்.

"பேரைச் சொல்லித் தேட முடியாது, தமீ. எண் வரிசையில் கட்டியிருக்கிறார்கள்," என்றார் அவர் பர்மிய மொழியில்.

"எண் இருக்கிறது, ஊலே," என்று துண்டுத் தாளை நீட்டினேன். அவர் அசந்துபோன முகத்தைப் பார்க்க எனக்கு ஏகப் பெருமை.

அப்படியும் இரண்டு நாள் ஆனது. புத்தகங்கள் கரையான் அரித்தும், தண்ணீர் பட்டு ஒட்டிக்கொண்டும் கிடந்தன. இரண்டாம் நாள் மத்தியானம், ஊலே கொண்டுவந்த, மீன் குழம்பில் சேமியா போட்ட மொகிங்காவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்து திருப்பிய முதல் பக்கத்திலேயே தாத்தா இருந்தார். பெயர், தகப்பனார் பெயர், தொழில் குமாஸ்தா, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், இடது புருவத்தில் தழும்பு. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அடுத்த கட்டத்தைப் பார்த்ததும் பகீரென்றது. நிரந்தர வீடு எங்கே என்று கேட்டிருந்த இடத்தில், தாத்தா தன் அழகான கையெழுத்தில், திருநெல்வேலி ஜில்லாவில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு ஊரின் பெயரை எழுதியிருந்தார். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதும் உரிமை எனக்கு ஏன் இல்லை என்பது கடைசியில் தெரியும்.

தாத்தா அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அவர் பிறந்தது இங்கே, ரங்கூனுக்கு அக்கரையில், கியாக்தானில். அவருடைய அப்பா அங்கே வயல்வேலைக்கு வந்த தமிழர்களுக்கு உபதேசியாராக இருந்தவர். ஆனால் ஒரு தமிழனைப் பிடித்து உன் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். தான் பிறந்த இடத்தையா சொல்வான்? எந்தப் பாட்டன் எந்த மண்ணிலிருந்து கிளம்பினானோ அதைத்தான் சொல்வான். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதைப் படைக்காரனிடமும் சொல்லியிருக்கிறார் எங்கள் தாத்தா. அதே பக்கத்திலும் அடுத்த பக்கங்களிலும் இருந்த தமிழர் அத்தனை பேரும் அதே காரியத்தைத்தான் செய்திருந்தார்கள். தஞ்சாவூர், ராமநாதபுரம், திருநெல்வேலி என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ரங்கூன் என்று எழுதிய ஒரு தமிழனை நான் பார்க்கவில்லை.

"ஊலே, இந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு நகல் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டேன். கேட்டேன்தான், மறைக்க மாட்டேன்.

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "எழுதினால் முழுவதும் எழுதுவேன், தமீ. இல்லாவிட்டால் எழுத மாட்டேன்." சுருட்டைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். "உங்கப்பா நம்ம தலையில மண்ணள்ளிப் போட்டுட்டாரு!"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு என்ன பொய்யா எழுதிட்டாரு? ஊரு கேட்டான், ஊரச் சொன்னாரு. பின்ன என்னத்தச் சொல்லணும்ங்கிற?"

"அந்த ஊருக்கு ஒரு நாளாவது போயிருக்காராப்பா?"

"அவரு எங்க போனாரு? லீவு விட்டா கியாக்தானுக்கு ஓடுவாரு, அவுக அப்பாவப் பாக்க. அதுவும் சும்மா போயிர முடியுமா பிள்ள? படையில எழுதிக் கொடுத்துட்டுல்லா போகணும். ஞாயித்துக்கெழம ஆளக் காணலன்னா அபராதம் போட்டுருவான்."

நான் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். "எழுதிக் கொடுத்துட்டுப் போவாரா?"

"ஆமா. பின்ன?"

காலையில் பதிவறை திறக்குமுன்பே வாசலில் போய் நின்றேன். லீவுப் புத்தகங்கள் தனி அலமாரியில் இருந்தன. அவற்றை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார் ஊலே. அதே எண், ஒன்பது வருடங்கள். இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களின் லீவைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். தாத்தாவின் பெயருக்கு எதிரே ஒரு சொட்டுச் சிவப்பு கிடையாது. எல்லாம் நீலம், தாத்தாவின் அதே அழகான கையெழுத்து. போகும் இடம்: கியாக்தான். காரணம்: சொந்த ஊர் செல்ல. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள், போகும் இடம் கியாக்தான், காரணம் சொந்த ஊர் செல்ல. தாயாருக்குச் சுகமில்லை, கியாக்தான், இரண்டு நாள். ஏழாவது வருடத்தில் ஒரு வரி: தகப்பனார் அடக்கம், கியாக்தான், ஐந்து நாள்.

படையில் சேர்ந்த அன்று வீடு எது என்று கேட்டதற்குப் பார்க்காத ஊரைச் சொன்ன மனிதர், வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம் படகில் ஆற்றைக் கடந்து கியாக்தானுக்குத்தான் போயிருக்கிறார். அதைத் தன் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறார். ஒரு தலைமுறையைத் தேடிப் போன எனக்கு இரண்டு தலைமுறை கிடைத்தது. நான் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். ஊலே இரண்டு பதிவுகளையும் முழுவதுமாக எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அப்பாவின் கையெழுத்தோடு விண்ணப்பம் கொடுத்து, இரண்டு மாதத்துக்குமேல் காத்திருந்து, குடியுரிமை விசாரணைக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம், பஸ்ஸில் நின்றுகொண்டே அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். வாயைத் திறக்க வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன் என்பதுதான் பாடம். அதிகாரி ஒரு பர்மியப் பெண்மணி. எல்லோரும் 'சயாமா' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"இதில் ஒரு வீடு, அதில் ஒரு வீடு. எது உண்மை?"

"சயாமா, எங்கள் ஆட்களிடம் வீடு எது என்று கேட்டால் முப்பாட்டன் ஊரைத்தான் சொல்வார்கள். அது பழக்கம். ஆனால் அம்மாவுக்குச் சுகமில்லை என்றால் எந்த வீட்டுக்கு ஓடுகிறோமோ அதுதான் வீடு. இந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவை கூடக் கடல் தாண்டவில்லை, பாருங்கள்," என்றேன். என் பர்மிய மொழியில் ஒரு பிசிறு இல்லை.

அவர் இன்னொரு முறை படித்தார். பிறகு தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது.

"சரி. ஆனால் கோப்பில் இந்த முரண்பாடு அப்படியே இருக்க முடியாது," என்று ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "உங்கள் அப்பா ஒரு வாக்குமூலம் தரவேண்டும். நான் சொல்கிறேன், நீ எழுது."

அப்பாவுக்குப் பர்மிய மொழி பேச வரும், படிக்கவோ எழுதவோ வராது. அதனால் நான்தான் எழுதினேன். சயாமா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எழுதும்போது என் மனமெல்லாம் எழுத்தின் அழகில்தான் இருந்தது. என்ன எழுதுகிறேன் என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

"படிச்சுச் சொல்லு பிள்ள," என்றார் அப்பா.

தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. "அந்த ஊரு எங்க ஊரில்ல. எங்க அப்பாவுக்கும் அது ஊரில்ல. அங்க எனக்கு மண்ணும் கிடையாது, மனுஷரும் கிடையாது. இனிமே அத என் ஊருன்னு நான் சொல்ல மாட்டேன்..." தாளை அப்பா பக்கம் நகர்த்தினேன். "அவ்வளவுதாம்ப்பா."

அப்பா பேனாவை வாங்கினார். தாளில் வைத்தார். வைத்த பேனா நகரவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஆட்கள் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துப் போடுவார்கள். முதலில் ஊருக்கு ஒன்று, அடுத்தது தகப்பனுக்கு. அப்பா நாற்பது வருடம் கம்பெனித் தாள்களில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார். இந்த விண்ணப்பத்திலும் அப்படித்தான் போட்டிருந்தார். நான் வீட்டிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம். பார்க்கவில்லை.

அவர் என் பக்கம் குனிந்து, சின்னக் குரலில் கேட்டார். "மொத எழுத்து ஊரோட எழுத்துல்லா, பிள்ள. அதப் போடவா, விட்டுறவா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சயாமா என்ன தாமதம் என்று நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்து விண்ணப்பத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இருந்ததோ இன்னும் ஒரு வாரம்.

"போடுங்கப்பா," என்றேன். "இருக்கிற மாதிரியே போடுங்க."

போட்டார். முதல் எழுத்தை மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிதானமாக எழுதினார். சயாமா அதன்மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தி, முத்திரை குத்தி, கோப்பை மூடினார். அப்பா எழுந்து அவருக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார்.

என் வேலை நிலைத்தது. நாங்கள் கப்பலேறவில்லை. நான் செய்ததற்கு ஒரு நாளும் வருந்தியதில்லை; இன்னொரு முறை நேர்ந்தாலும் அந்தப் புத்தகங்களை அப்படியேதான் புரட்டுவேன். ஆனால் மறு வாரம் ரேஷன் கடையில் கையெழுத்துக் கேட்டபோது அப்பா பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்தைப் போட்டார். தாத்தாவின் எழுத்து. கடைசிவரைக்கும் அப்படித்தான் போட்டார்.